ஒரு சொட்டுகூட ஒழுகல

இல்ல சார், அந்தப் பக்கம் தொட்டா ஒண்ணும் தெரியாது. இடது பக்கம் நல்ல பிள்ளை. இந்தப் பக்கம் வாங்க. பளபளன்னு ஒரு குழாய் இறங்குது பாருங்க, அது கீழே இருக்கற பெரிய குழாய்க்குள்ள போற இடம், அங்க விரலை வைங்க. வெச்சீங்களா. இப்ப விரலைப் பாருங்க. அதான். பைக்கோட முன் ஷாக்குல ஆயில் கசியுது. உள்ள ஒரு ரப்பர் வளையம் இருக்கும், ஆயில் சீல்னு சொல்வாங்க. அது போச்சுன்னா இப்படித்தான்.

துணி இல்ல சார். இந்த வீட்டுல வண்டிக்குப் பக்கத்துல இப்பல்லாம் துணியே வெக்கறதில்ல. இந்தாங்க காகிதம், இதுல துடைங்க.

விளம்பரத்துல நல்ல நிலையில் உள்ளதுன்னு போட்டிருந்தானா. போட்டிருப்பான். பொய் சொல்லணும்னு இல்ல. எங்க அண்ணன் இதைக் குனிஞ்சு பாத்தே மாசக்கணக்கு ஆகுது. வாசல்ல இது நிக்கறது தெரிஞ்சா பக்கவாட்டுல ஒட்டிக்கிட்டு உள்ள போயிடறான், கடன்காரனைப் பாத்த மாதிரி. இப்ப ஜெராக்ஸ் கடைக்குத்தான் போயிருக்கான், வண்டிப் பேப்பரெல்லாம் நகல் எடுக்க. அரை மணி நேரமாச்சு. கரண்ட் போயிடுச்சுல்ல, கடைக்காரர் உக்கார வெச்சிருப்பார். நீங்க உக்காருங்க. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க.

சாவியா. சாவி என்கிட்டதான் இருக்கு. தர்றேன். ஓட்டிப் பாக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் சொல்லிடறேன்னு பாக்கறேன். விக்கற வீட்டுல யாராவது குறை சொல்வாங்களான்னு நினைக்கறீங்க. சொல்ல மாட்டாங்கதான். அம்மா காதுல விழுந்தா என்னைத்தான் முதல்ல விப்பாங்க. அதனாலதான் மெதுவாப் பேசறேன். அம்மாவுக்கு இது இன்னைக்கே போகணும். இந்த இரும்பு வாசல்ல நிக்கற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காதுன்னு மூணு மாசமா சொல்லிட்டிருக்காங்க. சோறு நல்லாத்தான் இறங்குது, அது வேற விஷயம்.

இன்ஜின் நல்லா இருக்கு. டயர் போன வருஷம் மாத்தினது. முன் பிரேக் பேடு ரெண்டும் புதுசு, அது நானே மாத்தினேன். ஆமா, நானேதான். இல்ல சார், நான் மெக்கானிக் இல்ல. மூக்குக்கண்ணாடிக் கடையில வேலை. லென்ஸை ஃபிரேம் அளவுக்கு இழைச்சு, மாட்டி, துடைச்சுக் கொடுக்கணும். பட்டம் வாங்கினது வேற எதுலயோ. அதைக் கேக்காதீங்க.

உங்க கண்ணாடியைக் கொடுங்களேன். நீங்க வந்ததுல இருந்து அதைத்தான் பாத்துட்டிருக்கேன். கைரேகையும் தூசியுமா இருக்கு, அதுல பாத்து வண்டி வாங்கினா கழுதையும் குதிரையாத்தான் தெரியும். கொடுங்க. இடது பக்கம் மூக்குல உக்கார்றது வேற தளர்ந்துபோயிருக்கு. சின்ன ஸ்க்ரூடிரைவர் எப்பவும் என் பையில இருக்கும். கிட்டத்துல இருக்கறது தெரியும்ல? அப்ப சரி. தூரத்துல இருக்கறதைப் பாத்து இப்ப என்ன பண்ணப் போறீங்க.

கண்ணாடி இல்லாம என் முகம் உங்களுக்குச் சரியாத் தெரியாது. அது எனக்கும் வசதி. நான் ஒருத்தர் முகத்தைப் பாத்து இவ்வளவு பேசறவ இல்ல. கடையில கூட முதலாளியம்மாதான் பேசுவாங்க, நான் பின்னாடி மெஷின்கிட்ட இருப்பேன்.

யாருக்கு வாங்கறீங்க சார், உங்களுக்கா? பொண்ணுக்கா. வேலைக்குப் போறாங்களா. அப்ப இன்னும் கவனமாக் கேளுங்க.

அண்ணன் ஏன் விக்கறான்னா, விழுந்துட்டான். நாலு மாசத்துக்கு முன்னாடி. ரத்தப் பரிசோதனை பண்ற லேப் ஒண்ணுல வேலை அவனுக்கு. ஊர் முழுக்க இருக்கற சின்னச் சின்ன கிளினிக்ல எடுக்கற ரத்தத்தை ஐஸ் பெட்டியில வெச்சு, பெரிய லேப்புக்குக் கொண்டுபோய்ச் சேக்கணும். ஏழு வருஷம் இதே வண்டியிலதான். ஏழு வருஷத்துல ஒரு கீறல் கிடையாது. ரத்தம் குலுங்கக் கூடாதுன்னு அவ்வளவு பொறுமையா ஓட்டுவான். சைக்கிள்காரங்க தாண்டிப் போவாங்க. லேப்ல அவனுக்குப் பேரே ஆமை. ஆமை வந்துடுச்சா, ஆமை கிளம்பிடுச்சான்னுதான் போன்லயே கேப்பாங்க. அவனுக்கு அதுல கோபமே கிடையாது. ஜெயிச்சது யாருன்னு கதையைக் கேட்டுப் பாருங்கன்னு சொல்லிட்டுப் போவான்.

அப்படிப்பட்டவன் ஒரு காலை நேரத்துல, பாலத்துல இருந்து இறங்கற சரிவுல, நின்னுட்டிருந்த காய்கறி வண்டி மேல நேரா போய் மோதிட்டான். பட்டப்பகல், காஞ்ச ரோடு, வண்டி முன்னாடி தெளிவாத் தெரியுது. வலது மணிக்கட்டு உடைஞ்சது. பெட்டியில பதினாறு பேரோட ரத்தம் இருந்திருக்கு. எல்லாம் உடைஞ்சு, பதினாறு பேருக்கும் மறுபடி ஊசி. அதுல ஒண்ணு கைக்குழந்தை. இவன் கட்டுப் போட்ட கையோட அந்தக் குழந்தை வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்தான். அந்த அம்மா தண்ணி கொடுத்து உக்காரச் சொன்னாங்களாம். திட்டியிருந்தா பரவாயில்லன்னு சொன்னான்.

இப்ப லேப்ல உக்கார வெச்சிருக்காங்க. குப்பி மேல லேபிள் ஒட்டற வேலை. ஆமையே கவுந்துடுச்சுன்னு ஒருத்தன் சொன்னானாம். கவுந்த ஆமை தானா நிமிராதுன்னு இன்னொருத்தன் சொன்னானாம். வீட்டுல வந்து சிரிச்சுக்கிட்டே சொல்றான். சிரிப்பு வாயோட நின்னுடுது. நாளைக்கு மேனேஜர்கிட்ட பதில் சொல்லணும், ரோட்டுக்கு வர்றியா, லேபிள்லயே இருந்துக்கறியான்னு. இவன் என்ன பண்றான், இன்னைக்கே வண்டியை வித்துட்டா நாளைக்கு வண்டி இல்லன்னு சொல்லிடலாம்ல. அதுக்குத்தான் இந்த அவசரம். வேற எந்த அவசரமும் கிடையாது. உங்களைக் காலையிலேயே வரச் சொன்னதும் அதுக்குத்தான்.

இப்ப அவன் பஸ்ல போறான் சார். டிரைவர் பக்கம் உக்காராம, ஜன்னல் பக்கம் உக்காராம, நடுவுல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு. ரோடு கடக்கறப்ப என் முழங்கையைப் பிடிச்சுக்கறான். சின்ன வயசுல என் கையைப் பிடிச்சு ரோடு கடக்க வெச்சவன்.

இந்த ஒழுகலா? இல்ல, இது மோதினதுக்கு அப்புறம் வந்தது. ஆனா அதுக்கு முன்னாடியும் ஒருதரம் ஒழுகிச்சு. அந்தக் கதையைக் கேட்டா இந்த சீலைக் கண்டுபிடிச்சவனைத் தேடிப் போய் அடிக்கணும்னு தோணும்.

முதல்ல அவன் ஷூவுலதான் பாத்தேன். வலது ஷூ முனையில மட்டும் எண்ணெய். அந்த ஷூவோட லேப்புக்குள்ள போனா வெள்ளைத் தரையில தடம் விழும். அங்க கவுண்டர்ல ஒரு அம்மா, ஆமை போன தடம் பாருங்கன்னு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுவாங்களாம், அப்புறம் இவன் கையில துடைப்பத்தைக் கொடுப்பாங்களாம். முக்குல மெக்கானிக் ஒருத்தர் இருக்கார். எப்பப் போனாலும் நாளைக்கு வாங்கம்பார். நாங்க அவருக்கு வெச்ச பேரே நாளைக்கு அண்ணன். மூணு வாரம் நாளைக்குன்னு சொன்னார். நாலாவது வாரம், இதுக்கு ஒருநாள் முழுக்க வண்டி வேணும், விட்டுட்டுப் போங்க, எப்ப முடியும்னு நாளைக்குச் சொல்றேன்னார். அண்ணனுக்கு ஒருநாள் கூட வண்டி இல்லாம முடியாது. ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான் லீவு. அன்னைக்கு அவரும் லீவு.

அப்பதான் எனக்கு வீம்பு வந்துச்சு. அரை மில்லிமீட்டர் பிசகாம லென்ஸ் இழைக்கறேன், ஒரு ரப்பர் வளையம் மாத்த முடியாதா. போன்ல வீடியோ பாத்தேன். ஒருத்தன் சொல்றான், சீலுக்கு இடையில மண்ணு மாட்டியிருந்தா அதை எடுத்தாலே போதும், பழைய ஃபோட்டோ ஃபிலிமைக் கொக்கி மாதிரி வெட்டி உள்ள விட்டு ஒரு சுத்து சுத்துங்கன்னு. வீட்டு ஆல்பத்துல இருந்த ஃபிலிமை எடுத்து வெட்டிட்டேன். பள்ளிக்கூட ஆண்டு விழா, அண்ணன் மரம் வேஷம் போட்டுக்கிட்டு நிக்கறான், அந்த ஃபிலிம். அம்மா ஒரு நாள் முழுக்கப் பேசல. ஆனா வந்துச்சு சார், மண்ணு. கண்மை மாதிரி கறுப்பா வந்துச்சு. மூணு நாள் ஒழுகல. நாலாவது நாள் மரமும் போச்சு, ஆயிலும் போச்சு.

சரின்னு அடுத்த ஞாயித்துக்கிழமை முழுசாக் கழட்டிட்டேன். இந்தா இங்கதான், இதே இடத்துல. இன்ஜினுக்குக் கீழ செங்கல் அடுக்கி, ஹேண்டிலை ஜன்னல் கம்பியோட கயித்துல கட்டி, முன் சக்கரத்தைக் கழட்டி, பிரேக்கைக் கழட்டித் தொங்க விட்டு. அந்த ஷாக்கோட அடியில ஒரு போல்ட் இருக்கு. அதைக் கழட்டினாத்தான் ரெண்டு குழாயும் பிரியும். அந்த போல்ட் இருக்கே, திருப்பினா சுத்துது. சுத்திக்கிட்டே இருக்கு. உள்ள இருக்கறதும் கூடவே சுத்துது, கழல மாட்டேங்குது. ஒரு மணி நேரம். என் விரல்ல தோல் போச்சு. எங்க வீட்டு ஆளுங்க மாதிரியே சார் அது. எவ்வளவு சொன்னாலும் தலையை ஆட்டும், இடத்தை விட்டு நகராது.

அப்புறம் வீடியோவுல இன்னொருத்தன் சொன்னான், ஸ்பிரிங்கை உள்ள போட்டு மேல இருந்து யாராவது அழுத்தினா உள்ள இருக்கறது பிடிச்சுக்கும்னு. அண்ணன் அழுத்தினா பத்தல. அவன் ஒல்லி. அம்மாவைக் கூப்பிட்டோம். மாவு பிசையற மாதிரி ரெண்டு கையையும் வெச்சு அழுத்தினாங்க பாருங்க, படக்குன்னு கழண்டுடுச்சு. என்னைக் குண்டுன்னு சொன்னவங்கள்லாம் வந்து பாருங்கடின்னு சொல்லிட்டு உள்ள போனாங்க. அவங்க தன் எடையைப் பத்திப் பெருமைப்பட்டது அன்னைக்கு ஒருநாள்தான்.

ஆனா நான் ஒரு தப்பு பண்ணேன். புது சீலை அந்தக் குழாய் மேல நேரா இறக்கிட்டேன். குழாயோட விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அதுல ஒரு உறை சுத்தாம இறக்கினா சீலோட உள் ஓரம், உதடும்பாங்க, அது கிழிஞ்சுடும். கண்ணுக்கே தெரியாத கிழிசல். மறுநாள் சாயங்காலம் ஷூவுல எண்ணெய். அண்ணன் ஷூவைக் கழட்டி ஓரமா வெச்சுட்டு, விடும்மா, அந்த நாளைக்கு அண்ணன்கிட்டயே கொடுத்துடலாம்னான். அந்த விடும்மாவைத்தான் என்னால தாங்க முடியல.

அதுக்கப்புறம் நான் அதே நினைப்பா இருந்தேன். கடையில லென்ஸ் இழைக்கறப்பவும் அந்த விளிம்புதான் கண்ணு முன்னாடி. பார்ட்ஸ் கடைக்காரர் நான் போனாலே, மறுபடியுமான்னு கேப்பார். ஒரு தடவை வேற அளவு சீலைக் கொடுத்துட்டார். பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். நான் கையில வாங்கி வெளிச்சத்துல பிடிச்சு, இது அரை மில்லி பெருசுன்னு சொன்னேன். அளந்து பாத்தார். அன்னையில இருந்து மறுபடியுமான்னு கேக்கறதில்ல. பக்கத்துத் தெரு பிளம்பர்கிட்ட போய், இந்த அளவுல ஒரு முழம் பிளாஸ்டிக் பைப் வேணும்னு கேட்டேன், சீலை நேரா தட்டி இறக்கறதுக்கு. வீட்டுல தண்ணி வரலையான்னு கேட்டார். எண்ணெய் வருதுன்னு சொன்னேன்.

இருங்க, மூக்குப் பக்கம் இறுக்கிட்டேன். இன்னும் துடைக்கல.

மூணாவது தடவை நான் எதுலயும் குறை வெக்கல சார். குழாய்ல அரிசி அளவு ஒரு துருப்புள்ளி இருந்துச்சு, அதைத் நைஸான உப்புத்தாளால எண்ணெய் விட்டுத் தேச்சு, நகத்தால தடவிப் பாத்து, நகம் மாட்டாத வரைக்கும் தேச்சேன். விளிம்புல பிளாஸ்டிக் உறை சுத்தினேன். சீலோட உதட்டுல விரலால எண்ணெய் தடவினேன். பிளம்பர் பைப்பை மேல வெச்சு, சுத்தியலால ஒரு சுத்து தட்டினேன், சத்தம் மாறற வரைக்கும். முழுசா உக்காந்துட்டா சத்தம் மாறும், டொக்குன்னு இருந்தது டங்குன்னு கேக்கும். புது ஆயிலை இருமல் மருந்து ஊத்தற மூடியால அளந்து ஊத்தினேன். எல்லாத்தையும் மாட்டினேன். அண்ணன் வந்து பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு அம்பது தடவை அழுத்தி அழுத்திப் பாத்தான். குழாய் காஞ்சு கிடக்கு. ஒரு சொட்டுகூட ஒழுகல.

அவன் என் தலையில கை வெச்சு ஆட்டினான். நாளைக்கு அண்ணன் இனிமே நேத்து அண்ணன்தான்னான். நான் ரெண்டு நாளா தூங்காம பண்ணின மாதிரி ஒரு களைப்பு, ஒரு சந்தோஷம். அவன் குளிக்கப் போயிட்டான். நான் கருவியெல்லாம் எடுத்து வெச்சுட்டு, கடைசியா ஒருதரம் துடைச்சேன்.

இப்ப ஏன் நீயே சரி பண்ணலன்னு கேக்கறீங்க. நியாயமான கேள்வி. சீல் வாங்கி வெச்சு மூணு மாசமாச்சு. அதோ அந்த அலமாரியில, உறை பிரிக்காம இருக்கு. மோதின வேகத்துல குழாய்ல கீறல் விழுந்திருக்கு, அதைத் தேச்சு விட்டா போதும், ரெண்டு மணி நேர வேலை. உக்கார்றேன், ஸ்பேனரை எடுக்கறேன், கை போக மாட்டேங்குது.

ஏன்னா, அவன் விழுந்தது மறுநாள் காலையில சார். அந்த ஒரு சொட்டுகூட ஒழுகாத ராத்திரிக்கு மறுநாள் காலையில.

தெருவுக்குள்ள அவன் பின் பிரேக்தான் போடுவான். ஆமை வேகத்துக்கு அதுவே அதிகம். பாலம் ஏறி இறங்கற வரைக்கும் முன் பிரேக்குக்கு வேலையே இருந்திருக்காது. சரிவுலதான் முதல் தடவை பிடிச்சிருக்கான். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு என்கிட்ட சொன்னான், பிடிச்சேன், ஆனா வண்டி போய்க்கிட்டே இருந்துச்சு, நான் நேரம் கழிச்சுப் பிடிச்சிருக்கேன் போல, கண்ணு ஏமாத்திடுச்சு, கை ஏமாத்திடுச்சுன்னு. அன்னையில இருந்து அதையேதான் சொல்றான். எங்க கடையில கொண்டுபோய் நானே கண்ணு டெஸ்ட் பண்ணேன். கழுகுக் கண்ணு. எந்தக் குறையும் இல்லன்னு சொன்னேன். அப்ப கைதான்னு முடிவு பண்ணிட்டான்.

டிவி பாக்கறப்ப அவன் வலது கையைப் பாக்கணும் நீங்க. நாற்காலிக் கை மேல வெச்சிருப்பான். திடீர்னு நாலு விரலும் மடங்கும். பிரேக் பிடிச்சுப் பாக்கறான். படத்துல ஒண்ணும் நடந்திருக்காது, ரெண்டு பேர் சும்மா பேசிக்கிட்டு இருப்பாங்க. இவன் விரல் மடங்கும். அவனுக்கே தெரியாது. அம்மாவும் கவனிக்கல. நான் மட்டும்தான் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன், நாலு மாசமா. போன வாரம் ஒருநாள் என் பக்கம் திரும்பிக் கேட்டான், நீயே சொல்லும்மா, நான் நேரம் கழிச்சுத்தான் பிடிச்சேனா?

தெரியலண்ணான்னு சொன்னேன்.

தெரியும் சார் எனக்கு.

எங்க கடையில ரெண்டு துணி உண்டு. நீலத் துணி மெஷினுக்கு, ஸ்க்ரூவுக்கு, எண்ணெய் படற எல்லாத்துக்கும். மஞ்சத் துணி லென்ஸுக்கு மட்டும். ரெண்டையும் ஒரே மேஜையில வெச்சாலே முதலாளியம்மா கத்துவாங்க. அஞ்சு வருஷத்துல நான் ஒருதரம் கூட மாத்தி எடுத்ததில்ல. எந்தக் கண்ணாடியும் கடைசியா ஒருதரம் மஞ்சத் துணியால துடைக்காம என் கையை விட்டு வெளிய போனதும் இல்ல. அது கைக்கே பழகிப்போச்சு. வீட்டுல ஒரே துணிதான் இருந்துச்சு. அண்ணனோட பழைய யூனிஃபார்ம் சட்டை. காலையில இருந்து அதுலதான் ஆயிலைத் துடைச்சேன், குழாயைத் துடைச்சேன், கையைத் துடைச்சேன். எல்லாம் முடிஞ்சதும் அந்த முன் சக்கரத்துல இருக்கற பிரேக் தட்டு, டிஸ்க், அது கண்ணுல பட்டுச்சு. அதுல என் விரல் தடம். லென்ஸ் மேல விரல் தடம் பாத்தா எப்படி இருக்கும் எனக்கு. அந்தச் சட்டையைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல மடிச்சு, தட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிடிச்சுக்கிட்டு, சக்கரத்தை மெதுவாச் சுத்தி விட்டேன். லென்ஸைத் துடைக்கறது அப்படித்தான். மூணு சுத்து. கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. ரெண்டடி தள்ளி நின்னு பாத்தேன். எவ்வளவு அழகா இருந்துச்சு தெரியுமா.

பிரேக் பிடிக்கற இடத்துல நான் எண்ணெய் தடவி அனுப்பிட்டேன்.

இல்ல, யாருக்கும் தெரியாது. மோதின வண்டியை மூணு வாரம் கழிச்சுத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தாங்க. அன்னைக்கே அவன் வர்றதுக்குள்ள அந்தத் தட்டைக் கவ்விப் பிடிக்கற பேடு ரெண்டையும் கழட்டிப் பாத்தேன். அதுக்கு முன்னாடி மனசு சொல்லிட்டுத்தான் இருந்துச்சு, ஆனா இருக்காது, இருக்காதுன்னு அடக்கி வெச்சிருந்தேன். கழட்டி மோந்து பாத்தேன். அந்த ஆயில் வாசனை. தட்டை நல்லாக் கழுவிட்டுப் புதுசு மாட்டிட்டேன். பழசைத் தூக்கிப் போட முடியல. இந்தாங்க, இந்த டப்பா. கண்ணாடி டப்பாதான், ஆனா உள்ள கண்ணாடி இல்ல. திறந்து பாருங்க. மூணு மாசமா என் பையில இதோடதான் வேலைக்குப் போயிட்டு வர்றேன். பையைத் திறக்கறப்பல்லாம் கொஞ்சம் வாசனை வரும். பஸ்ல பக்கத்து சீட்டுப் பொண்ணு மண்ணெண்ணெயான்னு கேட்டா.

சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருக்கலாம், அப்ப வலியில இருந்தான். கட்டுப் பிரிச்சதும் சொல்லலாம்னு நினைச்சேன், அன்னைக்கு அம்மா அழுதுட்டிருந்தாங்க. அப்புறம் ஒவ்வொரு நாளும் ஒரு காரணம். நாளைக்கு, நாளைக்குன்னு. அந்த மெக்கானிக்கைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு. என்னை வெறுத்துடுவான்னு பயம் இல்ல சார். அவனுக்கு வெறுக்கவே வராது. பரவாயில்ல விடும்மான்னு சொல்வான் பாருங்க. அதுக்குத்தான் பயம்.

ஆனா வண்டி போயிடுச்சுன்னா அவன் கைதான் தப்புன்னு ஆயிடும். சாகற வரைக்கும் அவன் கைதான். அந்தக் கை ஏழு வருஷமா ஒருத்தர் ரத்தத்தையும் குலுக்காத கை.

உங்களை இவ்வளவு தூரம் வரவெச்சு இதையெல்லாம் சொல்றது தப்புதான். வேற யார்கிட்டயாவது ஒருதரம் சொல்லிப் பாத்தாத்தான் வாய் வரும்னு தோணுச்சு. நீங்க வந்து அந்தக் குழாயைத் தொட்டீங்க. ஒரு பத்து நிமிஷம் இருங்க. அந்த டப்பாவை என்கிட்ட கொடுங்க. அவன்கிட்ட இதைத் திறந்து காட்டறேன். அதுக்கப்புறமும் விக்கறேன்னு சொன்னான்னா இதோ சாவி, அந்த சீலையும் சேத்து நானே மாட்டிக் கொடுக்கறேன், உங்க பொண்ணு தைரியமா ஓட்டலாம். பக்கத்துலயே நின்னு நீங்க பாருங்க, கையில துணி இருக்கான்னு.

அதோ வர்றான். கையில பேப்பர் கவர். எதிர்ல வண்டி ஒண்ணு வருது, இன்னும் தெரு முனையிலேயே இருக்கு, அதுக்குள்ள சுவரோட ஒட்டி நின்னுட்டான் பாருங்க. உங்களுக்குத் தெரியாதுல்ல, கண்ணாடி என்கிட்ட இருக்கு. இந்தாங்க, துடைச்சாச்சு, போட்டுக்கங்க.

பயப்படாதீங்க சார். இது வேற துணி.